கடப்பாரை வாங்கிய மாளிகை

துறைமுகத்துக்கு எதிரே நிற்கும் பழைய மாளிகையைக் கடப்பாரை வாங்கிவிட்டார் என்று சர்வேயர் வந்து சொன்னபோது அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்ததையும் நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"இடிக்கவா?"

"இல்ல மேடம். குடிவரப் போறாராம். ஊர்ல பாதியை இடிச்ச மனுஷனுக்கு வயசான காலத்துல பழைய வீட்டு மேல ஆசை வந்திருக்கு பாருங்க."

கடப்பாரை என்பது ஊர் வைத்த பெயர். அவர் கட்டட காண்ட்ராக்டர். கட்டியதைவிட இடித்ததுதான் அதிகம். எந்தத் தெருவில் அவருடைய கார் இரண்டு தடவை நின்றாலும், அந்தத் தெருக்காரர்கள் அட்டைப்பெட்டி வாங்கக் கிளம்பிவிடுவார்கள் என்று கேலியாகச் சொல்வதுண்டு. அவள் நகரத்தின் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்துக்குத் தலைமை அதிகாரி. இந்த வேலைக்காகத்தான் கட்டடக்கலை படித்தாள், இந்த வேலைக்காகத்தான் வெளிநாட்டில் கிடைத்த வேலையை விட்டாள். பழைய கட்டடங்கள் மேல் இருந்த காதல் என்று பேட்டிகளில் சொல்வாள். காதலும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறொன்று.

அவள் கல்லூரியில் காலெடுத்து வைத்த வருஷம்தான் அவர்கள் தெருவைக் கடப்பாரை இடித்தார்.

அந்தத் தெருவைக் கட்டியவர்கள் ஒரே ஊர் ஆட்கள் இல்லை. வெயில் கொளுத்தும் தேசத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள், நிழலில் நடக்க வேண்டும் என்று வீடுகளுக்கு முன்னால் வரிசையாக வளைவுகள் வைத்தார்கள். செங்கல் வேலை மலைப்பக்கத்து ஆட்களுடையது. மரவேலைக்குத் தச்சர்கள் கிடைக்காமல் கப்பல் கட்டுகிறவர்களைக் கூட்டிவந்தார்களாம். அதனால் வீட்டுத் தூண்கள் எல்லாம் பாய்மரம் போல மேலே போகப்போக மெலிந்திருக்கும். ஒவ்வொரு வாசலுக்கு மேலும் ஒரு எழுத்து, ஒரு மொழி. அவள் அப்பா தையற்காரர். கீழே கடை, மேலே வீடு. ஒருபக்கம் கடிகாரம் பழுது பார்ப்பவர், மறுபக்கம் ரொட்டிக் கடைக்காரி. மூன்று வீட்டிலும் சாமி வேறு, பேச்சு வேறு. சண்டை வந்தால் மட்டும் நாலாவதாக ஒரு பொது மொழி இருந்தது, அதில் எல்லோருக்கும் வசவு அத்துப்படி.

கடப்பாரை அந்தத் தெருவின் மனைகளை ஒவ்வொன்றாக வாங்கினார். குடியிருந்தவர்கள் அசையவில்லை. உடனே சாக்கடை போடுகிறேன் என்று அஸ்திவாரத்தை ஒட்டி ஆழமாகப் பள்ளம் வெட்டி, மழைக்காலம் முழுக்க மூடாமல் போட்டார். சுவர்கள் விரிசல் விட்டன. அபாயகரமான கட்டடம் என்று ஒரு என்ஜினீயர் எழுதிக்கொடுத்தார். பள்ளம் எதற்கு வெட்டப்பட்டது என்று ஊருக்கே தெரியும், நிரூபிக்கத்தான் ஆள் இல்லை.

புல்டோசர் வந்த காலையில் அப்பா கழுத்தில் அளவு நாடாவோடு ரோட்டில் நின்றார். கழற்றி வைக்கக்கூடத் தோன்றவில்லை. கடப்பாரை காரிலிருந்து இறங்கி வந்து அவர் தோளில் கை போட்டார். "வருத்தப்படாதீங்க டெய்லர். ஞாபகத்துக்கு வேணும்னா ரெண்டு செங்கல் எடுத்துட்டுப் போங்க," என்றார். சுற்றி நின்ற அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். அப்பாவும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில், லிஃப்ட் சத்தம் கேட்கும் ஒரு அறையில், அப்பா தையல் மெஷினைத் துணி போட்டு மூடிவைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். எழுந்து கடை போடவே இல்லை. அப்படியே போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து அவள் கறுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த மாளிகை நம்ம பட்டியல்ல இருக்கா?" என்று சர்வேயரிடம் கேட்டாள்.

"இல்ல மேடம். முன்னாடி இருந்தவங்க உள்ள விடவே இல்லையே. அளவெடுக்காம எப்படிச் சேர்க்கிறது?"

"இப்ப வீடு காலியாத்தானே இருக்கு. கிளம்புங்க."

அவள் ஏமாற்று வேலை எதுவும் செய்யவில்லை, அதுதான் விசேஷம். மாளிகை உண்மையிலேயே அற்புதமாக இருந்தது. கட்டியவன் ஒரு தேசத்தவன், அவன் மனைவி இன்னொரு தேசத்தவள், கட்டட மேஸ்திரி மூன்றாவது தேசத்தவன். மூன்று பேரும் விட்டுக்கொடுக்காமல் கட்டியது போலிருந்தது வீடு. முன்கூடம் உயரமான தூண்களோடு நீதிமன்றம் மாதிரி. நடுவில் திறந்த முற்றம். மாடி ஜன்னல்களில் மரச் சல்லடை, உள்ளிருந்து தெருவைப் பார்க்கலாம், தெருவிலிருந்து உள்ளே பார்க்க முடியாது. மாடிப்படியின் கைப்பிடி ஒரே மரத்தில் வளைத்தது. பின்கட்டு மட்டும் பிற்காலத்தில் யாரோ ஒட்டவைத்தது. இதையெல்லாம் அவள் ஒரு அறிக்கையாக எழுதினாள். வாழ்க்கையில் அவள் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். பட்டியலை முடிவு செய்யும் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி படித்துவிட்டு, "இவ்வளவு நாள் இதை எப்படிம்மா விட்டு வெச்சோம்?" என்றார். ஒரு கை கூட எதிராக எழவில்லை. மாளிகை முதல் தரக் கட்டடமாகப் பட்டியலில் ஏறியது. இனி அனுமதி இல்லாமல் அதில் ஒரு ஆணி அடிக்க முடியாது. இடிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது, பழுதாக விடவும் முடியாது.

கடப்பாரை குடிவந்த பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்குப் புரிந்தது. ஒரு நாள் சுருட்டிய வரைபடத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். உடம்பு தளர்ந்திருந்தது, குரல் தளரவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. இடித்த வீடுகளின் முகமே அவருக்கு ஞாபகம் இருந்திருக்காது, அதில் குடியிருந்தவர்களின் முகம் எங்கே இருக்கும்?

"பெருசா ஒண்ணும் இல்ல மேடம். ஜன்னலுக்குக் கண்ணாடி போடணும். முற்றத்தை மூடணும். மேல்தளம் ஒழுகுது, கான்கிரீட் போட்டுடலாம்."

"மரச் சல்லடையை எடுக்க முடியாது சார். முற்றத்தை மூட முடியாது. மேல்தளம் சுண்ணாம்புச் சாந்துலதான் பூசணும்."

"சுண்ணாம்பா? அதைப் பூசத் தெரிஞ்ச ஆள் இப்ப ஊர்லயே இல்லையே."

"இருந்தாங்க சார். பழைய தெருவெல்லாம் இடிச்சப்புறம் அவங்களுக்கு வேலை இல்லாம போயிடுச்சு. வெளியூர்ல தேடிப் பாருங்க."

அவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நானும் இந்த ஊர்ல பல ஆபீசரைப் பார்த்தவன் மேடம். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க."

"கட்டடம் நல்லா இருக்கணும். அவ்வளவுதான் சார்."

சுண்ணாம்பு ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தவன் பூசியதை அவள் நேரில் போய்த் தட்டிப் பார்த்து, சிமெண்ட் கலந்திருக்கிறது என்று பெயர்க்கச் சொன்னாள். அதற்குள் மழை வந்துவிட்டது. ஊரையே இடித்த மனிதர் தன் வீட்டுக்குள் பக்கெட் வைத்துக்கொண்டு ஒழுகலுக்குத் தப்பி நடந்தார். படுக்கையறையில் ஏசி மாட்டச் சுவரில் ஓட்டை போட்டதற்கு அபராதம் விழுந்தது. பத்திரிகைக்காரர்களுக்குச் செய்தி எப்படியோ போனது. 'ஓட்டை போட்டார் கடப்பாரை' என்று தலைப்பு. டீக்கடையில் எல்லாம் அதுதான் பேச்சு.

வீட்டில் அம்மாவுக்குத் தினமும் ஒரு சேதி வேண்டும். கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னைக்கு ஒழுகிச்சா?"

"ஒழுகிச்சும்மா."

"கட்டில் மேலயா?"

"கட்டிலை நகர்த்திட்டாங்களாம்."

"நகர்த்தின எடத்துலயும் ஒழுகும்," என்று அம்மா திருப்தியாகச் சொல்வாள். அவ்வளவு வருஷம் வெறுமனே உட்கார்ந்து பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தவள், இப்போது முகத்தில் ஒரு களையோடு நடமாடினாள். மகளுக்கு அதைப் பார்க்கவே போதும் போலிருந்தது. பழி வாங்குவது இவ்வளவு உடம்புக்கு நல்லது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

இந்தச் சமயத்தில்தான் கடப்பாரையின் மனைவி வந்தார். அலுவலகப் படிகளில் ஏற முடியாமல் கீழே காரிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் இறங்கிப் போக வேண்டியதாயிற்று. வெள்ளை முடி, வீங்கிய முழங்கால்கள், மடியில் ஒரு கைப்பை.

"என் ரூம் மாடியில இருக்கும்மா. குடிவந்த நாள்ல நாலு பேர் நாற்காலியோட தூக்கிட்டுப் போனாங்க. மறுநாள் கீழ எறக்கினாங்க. அதோட சரி. பின்கட்டுல ஒரு சின்ன லிஃப்ட் வெச்சுக்க அனுமதி குடுங்கம்மா. கடல் தெரியும்னுதான் அந்த வீட்டுக்கு வரவே சம்மதிச்சேன். கடல் மாடியிலதான் தெரியுது."

கொடுத்திருக்கலாம். பின்கட்டு பழையதில்லை, அங்கே லிஃப்ட் வைப்பதால் எதுவும் கெட்டுப்போகாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பாவின் முதுகு ஞாபகம் வந்தது. அந்த ஜன்னலிலும் எதுவும் தெரியவில்லை, எதிர் அடுக்குமாடியின் சுவர்தான் தெரிந்தது.

"விதி இடம் குடுக்கலை," என்றாள்.

அந்த அம்மாள் வாதாடவில்லை. "சரிம்மா, உங்களுக்கும் மேலிடம் இருக்கும்ல," என்று அவளுக்காகவே ஒரு சமாதானம் சொல்லிவிட்டு டிரைவரைக் கிளம்பச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அன்று இதை அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். "அந்தம்மா என்னடி பண்ணினா?" என்றாள். பிறகு தானே, "அவளும் அந்தப் பணத்துலதானே சாப்பிட்டா," என்று முடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் ஒழுகிச்சா என்று மறுநாள் கேட்கவில்லை. அதற்கடுத்த நாள்தான் கேட்டாள்.

மழை ஓய்ந்ததும் அவளும் சர்வேயரும் ஆய்வுக்குப் போனார்கள். பின்கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முதல் தடவை அளவெடுத்தபோது வெறும் கூடமாக இருந்த இடத்தில் ஆறு மரத்தூண்கள் நின்றன. பாய்மரம் போல மேலே மெலிந்த தூண்கள்.

"இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு சார்?" என்று சர்வேயர் கேட்டார்.

"என் குடோன்ல இருந்ததுதான்," என்றார் கடப்பாரை. குரலில் பெருமை. "இடிக்கிற எடத்துல நல்ல பொருள் கெடச்சா எடுத்து வெச்சுக்குவேன். இந்த வேலைப்பாடு இப்ப வருமா? எனக்கும் ரசனை இருக்குய்யா."

அவள் ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டு போனாள். நாலாவது தூணில் நெஞ்சு உயரத்தில் கை நின்றது. அம்மை வடு போல ஆயிரக்கணக்கில் பொடிப்பொடித் துளைகள். வெட்டவேண்டிய துணியின் காகித மாதிரிகளை அப்பா அந்தத் தூணில்தான் குண்டூசியால் குத்தி வைப்பார். வாயில் இருக்கும் ஊசியை எடுத்து, திரும்பிப் பார்க்காமலேயே பின்னால் குத்துவார். தூண் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. முறிந்துபோன ஊசி ஒன்றின் துருப்பிடித்த முனை இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கட்டைவிரலால் அதை அழுத்தினாள். வலித்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"அனுமதி இல்லாம வெச்சிருக்கீங்க," என்றாள், திரும்பாமலே.

கடப்பாரைக்கு அலுத்துவிட்டது. "சரி மேடம், எடுத்துடறேன். நாளைக்கே ஆள் விட்டு வித்துடறேன். போதுமா?"

"வேண்டாம். எடுக்கக் கூடாது. இப்ப இதுவும் பாதுகாக்கப்பட்ட பொருள். இங்கயே இருக்கட்டும்." இப்போதுதான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "முதல் தரக் கட்டடம்னா வாசல்ல வரலாற்றுப் பலகை வைக்கணும் சார். வாரத்துல ஒரு நாள் பொதுமக்களுக்குத் திறந்து விடணும். ரெண்டுமே நீங்க இன்னும் செய்யலை. பலகையில என்ன எழுதணும்னு நாங்க குடுப்போம். அதைத் துடைச்சு சுத்தமா வெச்சுக்கிறது உரிமையாளர் பொறுப்பு."

பலகையை அவளே எழுதினாள், ஊரில் பேசப்படும் நாலு மொழியிலும். மாளிகையைக் கட்டிய மூவரைப் பற்றி மேலே. அதற்குக் கீழே: 'பின்கூடத்திலுள்ள ஆறு தூண்கள், இந்நகரின் பழைய வணிகத் தெரு ஒன்றைச் சேர்ந்தவை. அத்தெருவில் தையற்காரர், கடிகாரம் பழுது பார்ப்பவர், ரொட்டி சுடுபவர் முதலிய பல மொழியினரும் பல மதத்தினரும் தலைமுறைகளாக வாழ்ந்தனர். அத்தெருவை இடித்தவர் இம்மாளிகையின் தற்போதைய உரிமையாளர்.' ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. கடப்பாரையின் வக்கீல் எவ்வளவோ தேடிப்பார்த்தும் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியவில்லை.

திறந்துவிட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வரிசை நின்றது. அதில் அம்மா இருந்தாள். வீட்டில் இருக்கும் நல்ல உடுப்பைப் போட்டு, கடிகாரக்காரரையும் ரொட்டிக் கடைக்காரியையும் ஊரின் இரண்டு மூலையிலிருந்தும் தேடிப்பிடித்துக் கூட்டிவந்திருந்தாள். மூன்று பேரும் ஊர்வலம் போல உள்ளே வந்தார்கள். கடிகாரக்காரர் தன் கடைத் தூணைக் கண்டுபிடித்து அதில் முதுகைச் சாய்த்து நின்றார். ரொட்டிக் கடைக்காரி அழுதுகொண்டே மூவருக்கும் தெரிந்த அந்தப் பொது மொழியில் வசவுகளை ஆரம்பித்தாள். ஒன்றும் மறக்கவில்லை அவளுக்கு. சுற்றிப்பார்க்க வந்தவர்கள் வழிகாட்டி என்று நினைத்து அவளைச் சுற்றிக் கூடினார்கள்.

கடப்பாரை மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போகச் சொல்ல முடியாது. அம்மா படிக்குக் கீழே வந்து நிமிர்ந்து நின்றாள்.

"என்னைத் தெரியுதா? நான் டெய்லர் சம்சாரம். ரெண்டு செங்கல் எடுத்துக்கச் சொன்னீங்களே, அந்த டெய்லர். அதோ நிக்கிற ஆபீசர் எங்க பொண்ணு."

அவர் அம்மாவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஒவ்வொரு மறுப்பும், ஒவ்வொரு அபராதமும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் முகத்தில் வந்து உட்காருவதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். எத்தனையோ வருஷம் காத்திருந்த காட்சி. அதில் ஒரு துளியைக்கூட அவள் வீணாக்கவில்லை.

"அப்ப இது சொந்தப் பகையா?" என்றார்.

"ஆமா சார்," என்றாள். "ஆனா சட்டம் பொதுச் சட்டம்தான்."

அவர் சும்மா இருக்கவில்லை. மேலிடத்தில் புகார் கொடுத்தார், விசாரணை வந்தது. அதே ஓய்வுபெற்ற நீதிபதிதான் விசாரித்தார். கூரை, ஜன்னல், முற்றம், அபராதம், பலகை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் விதிப்படி இருந்தது. கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"லிஃப்ட் மட்டும் ஏம்மா குடுக்கலை? பின்கட்டு பிற்காலத்துதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். அதிர்வு, அஸ்திவாரம் என்று பேச அவளுக்குத் தெரியாதா? ஆனால் அந்த அம்மாளை வைத்து ஒரு பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"குடுக்கக் கூடாதுன்னு தோணிச்சு சார்."

அவர் பெருமூச்சு விட்டார். பட்டியலும் பலகையும் அப்படியே இருந்தன. அவளைத்தான் சந்தைக் கட்டடங்களைப் பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். காய்கறிக் கடைகளின் தகரக் கூரை, கழிவுநீர்க் குழாய், அதுதான் இனி வேலை. புதிதாக வந்த அதிகாரி முதல் காரியமாக லிஃப்டுக்கு அனுமதி கொடுத்தார். அதைக் கேட்டதும் அவளுக்கு ஒரு பாரம் இறங்கியது. ஏன் அதைத் தன் கையால் செய்யவில்லை என்ற எரிச்சல் கூடவே வந்தது, அது மட்டும் இறங்கவில்லை. மற்ற எதற்கும் அவள் வருத்தப்படவில்லை.

கடப்பாரை மாளிகையை விற்கப் பார்த்தார். பலகையைப் படித்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். யார் வாங்குவார்கள் அப்படி ஒரு வீட்டை? பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டிவர ஆரம்பித்தார்கள். பலகையின் கடைசி வாக்கியத்தைப் பிள்ளைகள் உரக்கப் படிப்பார்கள், பிறகு மாடியை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மாற்றலாகிச் சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகப் போனாள், சாதாரணப் பார்வையாளராக. மாடியில் திறந்துவைத்த மரச் சல்லடைக் கதவுக்குப் பின்னால் வெள்ளை முடி தெரிந்தது. அந்த அம்மாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் கடப்பாரையே ஒரு துணியோடு நின்று பலகையின் மேல் படிந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலைக்காரர்கள் யாரும் அதைத் தொட மாட்டேன் என்கிறார்களாம், வருகிறவர்கள் படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்று.

அவளைப் பார்த்ததும் கையை நிறுத்தினார். முகம் வற்றியிருந்தது.

"பதவியும் போச்சு உனக்கு. எனக்கும் இந்த ஊர்ல மூஞ்சி காட்ட முடியலை," என்றார். "போதுமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். ஆத்திரமாகச் சொல்லவில்லை. யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"போதலை சார்."

பின்னால் நின்ற குடும்பம் உள்ளே போக அவசரப்பட்டது. அவர் துணியைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி வழிவிட, அவள் மற்றவர்களோடு உள்ளே நடந்தாள்.